வணக்கமும் வயிறும்

ஆசிரியப் பணி புனிதமானது என்று யாராவது மேடையில் பேச ஆரம்பித்தால் எனக்குக் கவலை வந்துவிடுகிறது. அடுத்தபடியாகச் சம்பளத்தில் எதையோ பிடித்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம். நம் நாட்டில் புனிதமான வேலைக்கு என்றைக்குமே கூலி குறைச்சல். கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவாரைக் கேளுங்கள்; ஒரு கால பூஜை நடக்கும் கிராமத்துச் சிவன் கோயில் குருக்களைக் கேளுங்கள். எந்த வேலைக்குக் கும்பிடு ஜாஸ்தியோ அந்த வேலைக்குப் படியளப்பது கொஞ்சம்.

இந்த விஷயத்தில் எல்லாரையும்விட மோசமாக ஏமாற்றப்படுகிறவர்கள் யார் என்று என்னைக் கேட்டால், தஞ்சாவூரிலிருந்து மாயவரம் வரையிலும், மன்னார்குடியிலிருந்து திருவாரூர் வரையிலும் ஊருக்கு நாலாய் முளைத்திருக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவர்கள் என்பேன். கணக்கு வாத்தியார் பாடு மட்டும் தேவலையா என்று கேட்கலாம். இல்லை, அவர் பாடும் அதேதான். ஆனால் இந்தப் பள்ளிக்கூடங்கள் பலகையில் எழுதி விற்பது கணக்கை அல்ல, இங்கிலீஷை. நெல் மூட்டை ஏற்றிய லாரி போகும் சாலை ஓரத்தில் டை கட்டிய குழந்தை வேனுக்குக் காத்து நிற்கிறதே, அது அந்தச் சரக்குக்காகத்தான். கடையில் எது விற்கிறதோ அதைச் செய்கிறவனுக்காவது நல்ல கூலி கிடைக்கவேண்டும் என்பது சாதாரண வியாபார நியாயம். அந்த நியாயம்கூட இங்கே இல்லை.

காவிரிக் கரையில் இங்கிலீஷ் புதுச் சரக்கும் அல்ல. 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே சுவார்ட்ஸ் பாதிரியார் தஞ்சாவூரில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வைத்துவிட்டார். 1854-ல் தொடங்கிய கும்பகோணம் கல்லூரியைத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டோம். வலங்கைமானில் 1869-ல் பிறந்த ஸ்ரீநிவாச சாஸ்திரியார் பள்ளிக்கூட வாத்தியாராக வாழ்க்கையைத் தொடங்கியவர். பிற்காலத்தில் அவர் பேசும் இங்கிலீஷைக் கேட்டு இங்கிலீஷ்காரர்களே பிரமித்தார்கள். இங்கிலீஷ் வந்தால் உத்தியோகம், உத்தியோகம் வந்தால் சோறு என்ற சூத்திரத்தை நம்பி, இந்த ஜில்லாவில் எத்தனையோ பேர் மா நிலத்தையும் வேலி நிலத்தையும் விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். பெரும்பாலும் சூத்திரம் பலிக்கவும் செய்தது. ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் பலிக்கவில்லை. இங்கிலீஷைச் சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள். பெயர் வேண்டாம், பள்ளிக்கூடத்தின் பெயரும் வேண்டாம். இங்கிலீஷ் இலக்கியத்தில் எம்.ஏ., அதன்மேல் பி.எட். புஸ்தகம் வாங்கிப் போக எங்கள் வீட்டுக்கு வருவாள். ஒரு மாத முதல் வாரத்தில், "என்னம்மா, சம்பளம் வந்துதா?" என்று கேட்டேன்.

"வந்துட்டுப் போயிடுச்சு, அண்ணா" என்றாள்.

தமாஷாகச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். இல்லை. பாங்கிக் கணக்கில் பதினெட்டாயிரம் வரவு. மறுநாள் அதிலிருந்து எட்டாயிரத்தை எடுத்துக் கவரில் போட்டு ஆபீஸில் கொடுத்துவிடவேண்டும். பாஸ் புஸ்தகத்தைப் பார்க்கிறவர்களுக்கு அவள் பதினெட்டாயிரம் வாங்குகிறவள். வீட்டுக்குப் பத்தாயிரம்தான் வரும். "கொடுக்கமாட்டேன்னு சொன்னா?" என்று கேட்டேன். "சர்ட்டிபிகேட் எல்லாம் அவங்க பீரோவில இருக்கே, அண்ணா" என்றாள்.

பண்ணையில் கடன் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஆளைக் கட்டிப்போட்ட கதையை நம் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். இப்போது பத்திரத்தின் இடத்தில் பி.எட். சர்ட்டிபிகேட் இருக்கிறது. சர்ட்டிபிகேட் ஒன்றும் அடகுச் சாமான் அல்ல, அதைப் பிடித்து வைத்துக்கொள்ள எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனால் தீர்ப்பைக் கையில் வாங்க வக்கீலுக்குப் பணம் கட்டவேண்டும். பத்தாயிரம் சம்பளத்தில் வக்கீல் எங்கே வருவார்?

வேலை என்னவோ பாடம் நடத்துவதோடு முடிந்துவிடுவதில்லை. காலையில் வேனில் குழந்தைகளை எண்ணி ஏற்றவேண்டும். சாயங்காலம் எண்ணி இறக்கவேண்டும். நடுவில் பாட வேளைகள், பிறகு ஸ்பெஷல் கிளாஸ். இராத்திரி வீட்டில் கட்டுக் கட்டாக நோட்டுத் திருத்தவேண்டும். இங்கிலீஷ் டீச்சருக்கு இதிலும் ஒரு தனிப் பங்கு உண்டு: ஆண்டு விழாப் பிரசங்கமா, கலெக்டருக்கு மனுவா, பள்ளிக்கூட விளம்பரமா, எல்லாவற்றையும் அவர்தான் எழுதித் தரவேண்டும். ஏப்ரல், மே வந்தால் வெயிலில் தெருத் தெருவாய்ப் போய்ப் புதுப் பிள்ளைகளைப் பிடித்து வரவேண்டும். அந்த மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்று சொல்லும் இடங்களும் உண்டு. பள்ளிக்கூடம் மூடியிருக்கிறதாம். 2020-ல் தொற்று வந்து நிஜமாகவே பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தபோது, தனியார் பள்ளி ஆசிரியர்கள் காய்கறி விற்றார்கள், கூலி வேலைக்குப் போனார்கள் என்று பத்திரிகைகள் படம் போட்டு எழுதின. பார்த்து உச்சுக் கொட்டினோம். பள்ளிக்கூடம் திறந்தது, மறந்து போனோம்.

இதற்கெல்லாம் சமாதானம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். "புருஷன் சம்பாதிக்கிறான். இவள் பொழுது போவதற்காக வருகிறாள்" என்பது முதல் சமாதானம். பொழுது போக்குவதற்காக யாரும் நாற்பது நோட்டைத் திருத்திக்கொண்டு இராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்திருப்பதில்லை. அப்படியே புருஷன் சம்பாதித்தால்தான் என்ன? புருஷன் சம்பாதிக்கிற வீட்டுக்காரி நடவுக்கு வந்தால் பாதிக் கூலி கொடுப்பேன் என்று இந்த ஜில்லாவில் எந்த மிராசுதாராவது இன்றைக்குச் சொல்லிப் பார்க்கட்டும். வயலில் ஆள் இருக்காது.

"இவர்களுக்கு இங்கிலீஷே சரியாக வராது, அதற்கு இந்தச் சம்பளம் போதும்" என்பது இரண்டாவது. இது குதிரைக்குக் கொள்ளு வைக்காமல் ஓடவில்லை என்று குறை சொல்வது போன்றது. நன்றாக இங்கிலீஷ் தெரிந்தவர் எதற்காகப் பத்தாயிரத்துக்கு வருவார்? அரசுப் பள்ளிக்கூடத்தில் பட்டதாரி ஆசிரியருக்கு 2017 ஊதிய மாற்றத்துக்குப் பின் அடிப்படைச் சம்பளமே 36,400 ரூபாயில் தொடங்குகிறது. அதே பட்டம், அதே பி.எட்., அதே பாடம். நடுவில் இருப்பது ஒரு மதில் சுவர்தான்.

மூன்றாவது சமாதானம் கொஞ்சம் கௌரவமானது. "சின்னப் பள்ளிக்கூடம், வருமானம் போதவில்லை" என்பது. சில இடங்களில் இது வாஸ்தவமாகவும் இருக்கலாம். ஆனால் சீட்டுக் கடைக்காரரிடமும் சிமெண்டுக் கடைக்காரரிடமும் யாரும் இப்படிச் சொல்வதில்லை. ஹோட்டல் நடத்துகிறவர் அரிசிக்கடையில் போய், "என் தொழில் புனிதமானது, பாதி விலைக்குக் கொடு" என்று கேட்டால் என்ன பதில் வரும்? பஸ்ஸுக்கு டீசல் போட்டாகிறது. கட்டடத்துக்கு மாடி எழுப்பியாகிறது. டீச்சரிடம் மட்டும் தர்மம் பேசுகிறார்கள்.

தனி மனிதர்களின் கஞ்சத்தனம் மட்டும் என்றால் இவ்வளவு தூரம் எழுதவேண்டியதில்லை. இந்தப் புனிதம் சட்டத்துக்குள்ளேயும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அது எப்படி என்று வாசகர்கள் தெரிந்துகொள்வது அவசியம்.

1963-ல், டில்லி பல்கலைக்கழகத்து பஸ் டிரைவர்கள் வழக்கில், கல்வி ஒரு தொழில் அல்ல, ஆகவே டிரைவரும் தொழிலாளி அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் முதலானோர் அதை மாற்றினார்கள். கல்வி நிலையமும் தொழில் நிறுவனம்தான் என்றார்கள். பஸ் டிரைவரும் தோட்டக்காரரும் குமாஸ்தாவும் தொழிலாளியானார்கள். நல்லது. 1988-ல் கோவாவில் வேலை போன ஓர் ஆசிரியை, "அப்படியானால் நானும் தொழிலாளிதானே?" என்று போய் நின்றார். இல்லை என்றது நீதிமன்றம். சட்டத்தின் பட்டியலில் உடல் உழைப்பு இருக்கிறது, திறன் வேலை இருக்கிறது, குமாஸ்தா வேலை இருக்கிறது; போதிப்பது இவை எதிலும் சேராது, அது உயர்ந்த பணி என்று காரணம் சொல்லிற்று. பள்ளிக்கூடம் தொழிற்சாலை, ஆனால் அங்கே பாடம் நடத்துகிறவர் தொழிலாளி இல்லை!

ஒரு கதவு அது. இரண்டாவது கதவு குறைந்தபட்சக் கூலி. ஹரியானா அரசாங்கம் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்துப் பார்த்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் அதையும் தள்ளிவிட்டது. மறுபடி அதே பட்டியல், அதே காரணம். மூன்றாவது கதவு பணிக்கொடை. 2004-ல் அதுவும் சாத்தப்பட்டது. ஆனால் அந்த மூன்றாவது கதவைப் பாராளுமன்றம் 2009-ல் திறந்துவிட்டது. 1997 ஏப்ரல் முதல் செல்லும் என்று சட்டத்தைத் திருத்தியது. பள்ளிக்கூட நிர்வாகங்கள் விடாமல் எதிர்த்து வழக்காடின. 2022-ல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று முடித்து வைத்தது. மனம் வைத்தால் சட்டத்தை மாற்ற முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

மற்ற இரண்டு கதவும் திறக்கவில்லை. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பைப் பாருங்கள். தொழிலாளி யார் என்ற பட்டியலில் பத்திரிகை நிருபரைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி போன்ற விற்பனை வளர்ச்சி ஊழியரையும் சேர்த்திருக்கிறார்கள். வாத்தியாரைக் காணோம். அவரை வணங்கி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இந்தத் தஞ்சை மண்ணுக்கு இது புரியாத விஷயம் அல்ல. பண்ணையாளுக்கும் மிராசுதாருக்கும் உள்ளது தகப்பன் பிள்ளை உறவு, இதில் சர்க்காருக்கு என்ன வேலை என்று ஒரு காலத்தில் இங்கே பேசினார்கள். 1952-ல் ராஜாஜி மந்திரிசபை தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோதும் அந்தப் பேச்சுத்தான். 1968-ல் கீழ்வெண்மணியில், கூலியாக அரைப்படி நெல் கூடக் கேட்ட விவகாரத்தில், 44 பேர் குடிசைக்குள் எரிந்து போனார்கள். அந்தக் கொடுமையோடு ஒரு டீச்சரின் கஷ்டத்தை நான் ஒப்பிட மாட்டேன், ஒப்பிடுவது பாவம். ஆனால் அதன் பிறகு, 1969-ல், கிழக்குத் தஞ்சைக்கென்று நியாயக் கூலிச் சட்டம் வந்ததே, அது கற்றுத் தந்த பாடத்தை மறக்கக் கூடாது. தகப்பன் பிள்ளை உறவினால் மரக்கால் நிரம்பவில்லை. இத்தனை படி என்று எழுதி, அளந்து காட்டு என்று சொன்ன பிறகுதான் நிரம்பிற்று. குரு சிஷ்ய உறவும் அப்படித்தான். அதைச் சொல்லிக்கொண்டிருக்கிற வரையில் கவர் திரும்பிப் போய்க்கொண்டுதான் இருக்கும்.

வெளிநாட்டில் மட்டும் என்ன வாழ்கிறது என்று சிலர் கேட்கலாம். இங்கிலீஷ் வாத்தியார் கஷ்டம் உலகத்துக்கே பொது என்பது உண்மை. ஜேம்ஸ் ஜாய்ஸ் 1904-ல் ஊரை விட்டுப் போய், போலாவிலும் ட்ரியெஸ்டிலும் பெர்லிட்ஸ் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துத்தான் வயிறு கழுவினார். கடன் தீர்ந்தபாடில்லை; தம்பியும் அங்கே வந்து அதே பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகி அண்ணன் குடும்பத்தைத் தாங்க வேண்டியிருந்தது. ஜப்பானில் நோவா என்று ஒரு கம்பெனி, ஊருக்கு ஊர் இங்கிலீஷ் வகுப்பு நடத்திற்று. 2007 அக்டோபரில் அது திவாலாயிற்று. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு வாத்தியார்கள் சம்பளம் வராமல் நடுத் தெருவில் நின்றார்கள். வீட்டு வாடகை என்று சம்பளத்தில் பிடித்துக்கொண்ட பணம் வீட்டுக்காரருக்குப் போய்ச் சேராமல், சிலர் வீட்டையும் இழந்தார்கள். பாடம் சொல்லித் தருகிறோம், சாப்பாடு போடுங்கள் என்று கேட்கும் நிலை வந்தது. அவர்கள் அமெரிக்காவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தவர்கள். சொந்த பாஷையாக இங்கிலீஷைப் பேசுகிறவனையும் அந்தத் தொழில் விடவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே 2007 டிசம்பரில், ஜாய்ஸ் வேலை பார்த்த அதே பெர்லிட்ஸின் ஜப்பான் கிளைகளில் வாத்தியார்கள் சம்பள உயர்வு கேட்டு வேலை நிறுத்தம் செய்தார்கள். வெகு நாள் நடந்தது. நஷ்ட ஈடு தா என்று கம்பெனி சங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டது. 2012-ல் டோக்கியோ நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. வேலை நிறுத்தம் சட்டப்படி சரியானதே என்றது. "நீங்கள் செய்வது உயர்ந்த பணி, நீங்கள் தொழிலாளி அல்ல" என்று யாரும் அவர்களைத் தட்டிக்கொடுத்து அனுப்பவில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

நம்மவர்களும் கப்பல் ஏறியவர்கள்தான். ஹெய்லி செலாசி சக்கரவர்த்தி காலத்தில் எத்தியோப்பியாவுக்கும், எண்ணெய்ப் பணம் புரண்ட காலத்தில் நைஜீரியாவுக்கும் இந்திய வாத்தியார்கள் போனார்கள். மாலத்தீவுப் பள்ளிக்கூடங்கள் எத்தனையோ காலமாக இந்திய ஆசிரியர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. நடுக் கடலில், நாலு தெரு உள்ள தீவில், தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஒரு பெண் போகிறாள் என்றால், ஊர் சுற்றும் ஆசையினால் அல்ல. உள்ளூரில் அதே பாடத்துக்கு அளக்கிற படி பொய்ப்படி என்று தெரிந்துபோனதால்.

சர்க்காராவது வழி காட்டுகிறதா? அரசுக் கல்லூரிகளில், நிரந்தர ஆள் போடாமல் வருஷத்துக்கு வருஷம் வைத்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: கௌரவ விரிவுரையாளர்! 2019-ல் பல்கலைக்கழக மானியக் குழு இப்படிப்பட்டவர்களுக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று எழுதியது. அந்தத் தொகையைக் கேட்டு அவர்கள் தெருவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறோம். கௌரவம் மட்டும் முதல் நாளே கொடுத்தாகிவிட்டது.

சாஸ்திரியாரைப் பற்றி மேலே சொன்னேன். அவர் இங்கிலீஷ் நன்றாகப் பேசினார் என்பதைத்தான் எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். திருவல்லிக்கேணியில் ஹெட்மாஸ்டராக இருந்தபோது அவர் ஆசிரியர்களுக்கு ஒரு சங்கம் காண முன்னின்றார். 1904-ல் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றவும் காரணமாக இருந்தார். வார்த்தையை அவ்வளவு அழகாக அடுக்கத் தெரிந்த மனிதர், வாத்தியாருக்கு அரிசி பருப்பும் வேண்டும், நாலு பேர் சேர்ந்து நின்று கேட்க ஓர் இடமும் வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அவர் ஊர்க்காரர்களாகிய நாம் அவருடைய உச்சரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். பணிக்கொடைக்கு 2009-ல் செய்தது போல, தொழிலாளி என்ற பட்டியலிலும் குறைந்தபட்சக் கூலிப் பட்டியலிலும் போதிக்கிறவரையும் ஒரு வரி சேர்க்கட்டும். பெற்றோர் கட்டும் கட்டணத்தை நிர்ணயிக்க 2009 சட்டப்படி தமிழ்நாட்டில் நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கிறது. நிர்வாகச் செலவு என்று பள்ளிக்கூடம் அங்கே கணக்குக் காட்டுகிறது. காட்டிய சம்பளம் பாங்கிக்குப் போனதா என்று மட்டும் பார்த்தால் போதாது. பாங்கியிலிருந்து திரும்பி எங்கே போனது என்று டீச்சர்களைத் தனியே கூப்பிட்டுக் கேட்கட்டும். சர்ட்டிபிகேட்டைப் பூட்டி வைக்கிற பீரோவைக் கல்வி அதிகாரி ஒரு நாள் திறந்து பார்க்கட்டும்.

இவையெல்லாம் சர்க்கார் செய்யவேண்டியவை. நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜூன் மாதத்தில் கட்டணம் கட்டப் போகிறோம். நீச்சல் குளம் உண்டா, ஏ.ஸி. வகுப்பு உண்டா, வேன் வாசலுக்கு வருமா என்று எத்தனையோ கேட்கிறோம். என்றைக்காவது, "எங்கள் பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறவருக்கு என்ன சம்பளம் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டதுண்டா? கேட்டுப் பாருங்கள். ஒருவர் கேட்டால் முறைப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் கணக்குப் புஸ்தகத்தைத் தேடுவார்கள். அதை நீங்கள் கேட்கும்போது பக்கத்து அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கும் டீச்சர் காதிலும் விழும். செப்டம்பர் 5-ஆம் தேதி நாம் கொடுக்கிற ரோஜாப்பூவைவிட அது அவருக்கு உபயோகமாக இருக்கும்.